தலை எண்ணும் நாள்

வய்ராபம்பாவில் மற்ற நாட்களில் முப்பத்தொரு பேர் இருப்பார்கள். அவர்களைவிடப் பத்து மடங்கு கம்பளி லாமா மிருகங்கள், எல்லாரையும்விட அதிகமாகக் காற்று. ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கமும் ரயிலும் இருந்தன. சுரங்கம் மூடியதும் ரயில் நின்றது. ரயில் நின்றதும் இளவட்டங்கள் மூட்டை கட்டினார்கள், பாதிப் பேர் எல் ஆல்டோ நகரத்துக்கு, மீதிப் பேர் எல்லை தாண்டி இக்கிக்கே துறைமுகத்துக்கு. ஊரைச் சுற்றிக் கிடந்த உப்புவெளி மட்டும் எங்கேயும் போகவில்லை.

ஆனால் அரசாங்கம் தலை எண்ணும் நாளில் ஊர் நிரம்பியே ஆகவேண்டும். தலை குறைந்தால் பணம் குறையும், நர்ஸையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து இங்கே ஒரு ராத்திரி படுக்கவேண்டும், வராதவர் பங்கு நிலம் ஊருக்குப் போய்விடும். முறை பழையதுதான். இந்த வருடத் தலைவர் ஃபோர்துனாத்தோ வராச்சி அதைச் சொன்ன மிடுக்குதான் புதிது.

போன ஞாயிறு ஊர்ச்சபையில் விதவை சத்துர்நினா எழுந்து, மகள் ரொசெண்டாவுக்கு இது பேறுமாதம், பஸ் ஏற முடியாது, விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். ஃபோர்துனாத்தோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஊருல யாருமே பிள்ள பெத்ததில்லையா? உன் மகதான் மொத ஆளா?"

சபை சிரித்தது. ஊற்றோரத்தில் ரொசெண்டாவின் பங்கு நிலம் போயிற்று என்று அங்கேயே தீர்த்தும் விட்டார். சத்துர்நினா உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் கடைசி பஸ் வந்தது. இக்கிக்கேயில் லாரி ஓட்டும் தலைவர் மகன் வில்ஃப்ரெடோ அதில் வருவதாகச் சொல்லியிருந்தான். பஸ் காலியாகி, டிரைவரும் இறங்கி ஒன்றுக்குப் போய்வந்தபிறகும் ஃபோர்துனாத்தோ படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

காலையில் கணக்கெடுக்கும் டீச்சர் அவர் வீட்டுக்கு வந்தாள். காற்றில் வீட்டுக் கூரை பறந்தவர்களை அந்த ராத்திரிக்கு நல்ல வீடுகளில் பிரித்து விட்டிருந்ததால் சத்துர்நினாவும் அங்கேதான் அடுப்போரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த ஏற்பாடும் தலைவருடையதுதான், பாவம்.

நேற்று ராத்திரி இங்கே படுத்தவர்கள் யார் யார் என்று டீச்சர் கேட்டாள். ஃபோர்துனாத்தோ தன் பேரைச் சொன்னார், மனைவி பசீலியா பேரைச் சொன்னார். அப்புறம் நாக்கு தானாக ஓடியது.

"மகன் வில்ஃப்ரெடோ."

"அவர் எங்க?"

"லாமா ஓட்டிட்டுப் போயிருக்கான்."

பசீலியா அடுப்பைப் பார்த்தாள். டீச்சர் பென்சிலை நிறுத்தி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டான் டீச்சர்," என்றாள் சத்துர்நினா. "கஞ்சிகூடக் குடிக்கல."

டீச்சர் எழுதிக்கொண்டாள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவளையும் கேட்டாள்.

"நான் ஒருத்திதான். மக டவுன்ல பிள்ள பெத்துக் கெடக்கா."

அதே பொய் அவளுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை. ஃபோர்துனாத்தோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவள் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டீச்சர் போனதும் சத்துர்நினாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், ஊற்றோர நிலத்தில் நீயே கிழங்கு போட்டுக்கொள், யாரும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

"சபையில புடுங்குனீங்க தலைவரே," என்றாள் அவள். "சபையிலயே குடுங்க."

சாயங்காலம் கணக்கு முடிந்து விசில் ஊதியதும், அதுவரை யாரும் வெளியே வரக்கூடாதென்று அடைத்திருந்த கதவுகள் திறந்தன. ஊர் மைதானம் நிரம்பியது. சின்ன வயதுக்குப் பிறகு இத்தனை முகங்களை அவர் அங்கே பார்த்ததில்லை. வந்தவர், வராதவர் பேரைத் தலைவர் கூப்பிட வேண்டும். எல்லாரும் ரொசெண்டாவின் பேருக்காகக் காத்திருந்தார்கள்.

ஃபோர்துனாத்தோ தொப்பியைக் கழற்றினார். காற்றில் அவர் குரல் பாதிதான் கேட்டது, ஆகவே இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

"மொதல்ல என் வீடு. வில்ஃப்ரெடோ வரல. வந்தான்னு நான் பொய் சொன்னேன்."

ஊர் மொத்தமும் அவரையே பார்த்தது. சத்துர்நினா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.