ஐந்தாவது நிபந்தனை

யூஜினியா காரைக்குடியில் நன்னடத்தை அலுவலராகிப் பதினோரு வருடம். சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வருகிறவர்களைக் கண்காணிப்பது அவர் வேலை. 1996 ஆடியில் அவர் பொறுப்புக்கு வந்தவன் செம்மலை, ஐம்பது வயதுத் தச்சன். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு சிறுமிக்குக் கொடுமை செய்துவிட்டு மதுரைச் சிறையில் ஒன்பது வருடம் இருந்தவன். அவன் விடுதலைத் தாளில் ஏழு நிபந்தனைகள். ஐந்தாவதை மட்டும் யூஜினியா மூன்று தடவை வாய்விட்டுப் படிக்க வைத்தார். பிள்ளைகள் கூடும் இடத்தில் வேலை செய்யக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும்.

நேமத்தான்பட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் கதவுகளைப் பழுதுபார்க்கும் வேலையை மேஸ்திரி சத்தியமூர்த்தி அவனுக்குக் கொடுத்தார். யூஜினியா நேரில் போய்ப் பார்த்த பிறகே சம்மதித்தார். திங்கட்கிழமைதோறும் செம்மலை வந்து கையெழுத்துப் போட்டான்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, யூஜினியா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். அந்த வீட்டை நெருங்கும்போதே வாய்ப்பாடு கேட்டது. மழையில் பள்ளிக்கூடத்து ஓடு சரிந்துவிட்டதால் எட்டு நாளாக மூன்றாம் வகுப்பு இங்கேதான் என்றார் டீச்சர். சில பிள்ளைகள் கையில் புதுப் பம்பரம். பின்கட்டு ஆசாரித் தாத்தா கொடுத்தாராம்.

செம்மலையின் பழைய வழக்கிலும் முதலில் அந்தச் சிறுமிக்குக் கொடுத்தது ஒரு மரப்பொம்மைதான்.

யூஜினியா நேரே பின்கட்டுக்குப் போனார். "நடுவுல திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டீக. ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை போயிரும்னு..."

"பம்பரம் எதுக்கு?"

அவன் உளியைக் கீழே வைத்தான்.

அவரே அவனை வெளியே கூட்டிவந்து காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். மதியமே விடுதலையை ரத்து செய்யக் கேட்டு அறிக்கை தட்டச்சாகிக்கொண்டிருந்தது. சத்தியமூர்த்தி வேகமாக அலுவலகத்துக்கு வந்தார்.

"அவன் யாரையும் தொடலையேம்மா. ஒரு பம்பரத்துக்காகவா திருப்பி அனுப்புறீக?"

"தொட்ட பெறகு எழுத நான் எதுக்கு மேஸ்திரி? தொடாம இருக்கத்தான் இந்த நிபந்தனை. ஜெயில்லருந்து அவனை விடலாம்னு அன்னைக்கு எழுதுனவளும் நான்தான். அதுனால இதையும் நானே எழுதணும்."

மேஸ்திரி முகம் கொடுக்காமல் போய்விட்டார்.

மறுநாள் யூஜினியா தாய்மார்களை வரவழைத்து, ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பேசினார். யாருக்கும் ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. ஒரு சிறுமி மட்டும், சனிக்கிழமை தனியாக வந்தால் சாயம் பூசிய பம்பரம் தருவதாகத் தாத்தா சொன்னார் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த தாய் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். யூஜினியா அதையும் எழுதி அறிக்கையோடு சேர்த்தார்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. செம்மலை மதுரைக்குத் திரும்பினான்.

அந்தச் சிறுமி சொன்னது சத்தியமூர்த்திக்கு எட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, இனி யாருக்கு வேலை கேட்டாலும் நிபந்தனைத் தாளின் ஒரு பிரதி தனக்கும் வேண்டும் என்றார். யூஜினியா சரி என்றார். அதற்குப் பிறகு வேலை கொடுக்கிறவர் எல்லோரிடமும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டார்.