ரூபி குரல் கொடுத்தால்

என் நாய் பொய் சொல்லும். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என்னோடு வேட்டைக்கு வரும் ஹோபர்ட் சொல்லிவிடுவான். கென்டக்கியில் எங்கள் மலைப்பக்கம் பூராவும் அவன் சொல்லி முடித்தாயிற்று. பெட்ரோல் பங்க்கில் காப்பி ஊற்றிக் கொடுக்கிற பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

ரூபி ஒரு பீகிள். குட்டைக் கால், தொங்கு காது, முயல் வேட்டைக்கென்றே பிறந்த சாதி. முயல் போன தடத்தில் மோப்பம் கிடைத்தால் குரல் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு தேட வேண்டும். இந்த நாய்களுக்கு இவ்வளவுதான் சட்டம். ரூபிக்கு அதில் முதல் பாதி நன்றாகத் தெரியும்.

அவளை அப்படி ஆக்கியது நான்தான். என் மனைவி லொரீன் செத்துப்போன பிறகு வீட்டில் சத்தம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் கத்தினால்தான் எனக்குச் சாலை தெரியும். வீட்டுக்கு வந்தால் லொரீன் ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள், ரேடியோ அணைந்த பிறகும் பாடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல் ஒரு மாலை பின்வாசல் படிக்கு வந்தேன். ரூபி வேலியோரம் நின்று வெறும் புல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். நீளமான குரல், கடைசியில் கொஞ்சம் உடையும். முயலும் இல்லை, முயல் போன தடமும் இல்லை. விவரமான வேட்டைக்காரன் என்றால் அங்கேயே அதட்டியிருப்பான். நான் பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொடுத்தேன்.

இதற்காக நான் வெட்கப்படுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வீட்டில் அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வந்து பேசட்டும்.

ஆனால் ஒன்று. பொய் சொல்லும்போது ரூபி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். குரல் கொடுப்பாள், உடனே தலையைத் திருப்பி என் பாக்கெட்டைப் பார்ப்பாள். கள்ளி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை ஆனால் ஹோபர்ட்டின் பிக்கப் வண்டி என் வீட்டுச் சாலையோரம் வந்து நின்று இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும். பின்னால் நாய்க்கூண்டு, முன்னால் அவனும் அவன் தங்கை புருஷன் கார்லிஸும். நடுவில் நான். கியர்க் கம்பி முழங்காலில் இடிக்கும். கார்லிஸ் புகையிலை மென்று பாட்டிலில் துப்புவான். அந்த நாற்றமும் நாய் நாற்றமும் சேர்ந்தால் யாருக்கும் வாந்தி வரும். எனக்கு அந்த வாரத்திலேயே அதுதான் நல்ல நேரம். மற்ற ஆறு நாளும் நான் பேசுவது ரூபியோடும் தபால்காரியோடும்தான். தபால்காரி வண்டியை முழுதாக நிறுத்தாமலே கையாட்டிவிட்டுப் போகிறவள்.

இந்த நவம்பரில் வேட்டை சீசன் தொடங்கியதும் பழைய புகையிலை வயலுக்குப் போனோம். அங்கே யாரும் உழுது வருஷக்கணக்காகிறது. பிளாக்பெர்ரி முள் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. ஹோபர்ட்டின் கிழட்டு நாய் பெல் ஒரு முயலைக் கிளப்பினாள். மற்ற நாய்கள் அவள் குரல் கேட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டன. நாய்களுக்குள் அதுதான் மரியாதை. ஒன்று குரல் கொடுத்தால் மற்றவை நம்பி ஓடிவர வேண்டும். நாங்கள் மூவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். முயலைத் துரத்திக்கொண்டு போகிறவன் முட்டாள். அது பெரிய வட்டம் அடித்துக் கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும். நாய் அதன் பின்னால் குரல் கொடுத்துக்கொண்டே கொண்டுவந்து சேர்க்கும்.

நிற்கிற நேரத்தில் ஒரு விளையாட்டு உண்டு. அவரவர் நாயின் குரலை அடையாளம் சொல்வது.

"கேக்குதா? முன்னாடி போறது என் பெல்லு," என்றான் ஹோபர்ட்.

"உன் பெல்லு எங்க முன்னாடி போச்சு? அந்தக் கீச்சுக் குரல் என்னோட சார்ஜு. காதுல பஞ்சா வச்சிருக்க மச்சான்?" என்றான் கார்லிஸ்.

அப்போது கீழ்ப்பக்கம் ஓடையோரத்திலிருந்து ரூபி குரல் கொடுத்தாள். தனியாக, உருக்கமாக. பெல் தலையைக்கூடத் தூக்கவில்லை. பெரிய நாய்களுக்கெல்லாம் ரூபியைப் பற்றித் தெரியும். ஹோபர்ட்டின் இளம் நாய் டோபிக்குத்தான் தெரியாது. முயல் அப்போதுதான் போன சூட்டுத் தடத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் பாய்ந்தது. முயல் வளைந்து திரும்பும் இடத்தில் அது குறுக்கே பாய்ந்ததில் தடம் கலைந்து நாய்கள் குழம்பின. முயல் எங்கோ பொந்தில் போய் விழுந்தது.

ஹோபர்ட் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்தான்.

"டெல்மர், உங்க வீட்டு மகாராணி மறுபடியும் கதை அளந்துட்டா."

"ஏதாவது பழைய தடமா இருக்கும்."

"பழைய தடமாம். போன வருஷத்துத் தடமா? ஏம்பா, பெரிய நாய்ங்கள நான் சமாளிச்சுக்குவேன். டோபி குட்டி. அவன் இவகிட்டப் பழகினா இவள மாதிரியே ஆயிடுவான். இல்லன்னா எந்த நாய் கூப்பிட்டாலும் போகமாட்டான். ரெண்டுல எது ஆனாலும் என் நாய் போச்சு."

கார்லிஸ் தரையைப் பார்த்துத் துப்பினான்.

"அடுத்த சனிக்கிழம வா. கண்டிப்பா வா," என்றான் ஹோபர்ட். "நீ மட்டும் வா."

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் போனேன். ரூபியைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். சாலைக்குப் போகிற வரைக்கும் அவள் கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. வேட்டை நன்றாக நடந்தது. நாய்கள் பிரமாதமாக ஓடின. இவர்கள் இருவரும் வழக்கம்போல என் பெல்லு, உன் சார்ஜு என்று அடித்துக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் குரலும் என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது. வீடு திரும்பும்போது கார்லிஸ் ஒரு முயலை என் கையில் திணித்தான், அவன் சுட்டது. "வறுத்துச் சாப்பிடு" என்றான். வறுத்தேன். சோள ரொட்டியோடு பாதியை ரூபிக்குப் போட்டேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஹார்ன் அடித்தபோது வெளியே போய், சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அவர்கள் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைக்குப் போகிறார்கள் என்று தெரியும். வண்டி மறைந்ததும் நான் ரூபியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஏறினேன். முன்பு நிலக்கரி தோண்டி மூடிய மேடு அது. இப்போது புல்லும் முள்ளுமாகக் கிடக்கிறது. ராத்திரி கொஞ்சம் பனி விழுந்திருந்தது, உப்புத் தூவின அளவுக்கு. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டேன்.

ரூபி ஒரு தடவை குரல் கொடுத்தாள், என் பாக்கெட்டைப் பார்த்தாள். பிஸ்கட் கொடுத்தேன். இன்னொரு தடவை. இன்னொரு பிஸ்கட். பிறகு முள்ளுக்குள் போனாள். அங்கிருந்து குரல் வந்தது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குரல் நகர்ந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போனது. போகட்டும் என்று பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்தேன். குரல் நிற்கவே இல்லை. மெதுவாகத் திரும்பியது. நெருங்கி வந்தது.

முயல் என் முன்னால் பத்தடியில் வந்து நின்றது. காதைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் வாயில் ரொட்டியோடு அதைப் பார்த்தேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை. நான் போடவே இல்லை.

முயல் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ரூபி வந்தாள், மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு, தொண்டை கிழியக் குரல் கொடுத்துக்கொண்டு. என் பூட்ஸை உரசிக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கெட்டைப் பார்க்கவில்லை. முயல் போன வழியில் ஓர் அங்குலம் பிசகாமல் போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சமயம் அவளுக்கு நான் அங்கே உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை என்பதும் வலித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷன் என்ன செய்வான்? எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை.

முகட்டுக்கு மேலிருந்து டோபி ஓடிவந்தது. ரூபியின் குரல் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கிறது. நம்பி வந்துவிட்டது. அவள் பின்னால் சேர்ந்துகொண்டு அதுவும் குரல் கொடுத்தது. இரண்டு குரலும் சேர்ந்து இன்னொரு வட்டம் போயின. தோட்டாவைத் தேடிப் பையெல்லாம் துழாவினேன். கிடைப்பதற்குள் முயல் பாறையடிப் பொந்தில் போய்ப் புகுந்துவிட்டது. நாய்கள் இரண்டும் பொந்து வாயில் நின்று மண்ணைப் பறித்தன.

ஹோபர்ட் மூச்சு வாங்க இறங்கி வந்தான். கையில் நாய்க்கயிறு.

"சளி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"என் நாய இழுத்துட்டு வந்துட்டா பாரு. நான் என்ன சொன்னேன்?"

"முயலுடா. நெசமாவே முயல். எனக்கு முன்னாடி நின்னுச்சு. கீழ பாரு."

அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் குனிந்து பார்த்தான். பனியில் தடம் அச்சு அசலாக விழுந்திருந்தது. நீளமான பின்னங்கால் இரண்டு முன்னால், சின்ன முன்னங்கால் இரண்டு பின்னால். அதன்மேலேயே ரூபியின் தடம், எங்கும் விலகாமல். ஹோபர்ட் அதைத் தொடர்ந்து கொஞ்ச தூரம் நடந்தான். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். அவன் மோசமானவன் இல்லை. லொரீன் அடக்கத்தன்று என் வீட்டுப் படியில் பனியைத் தள்ளிவிட்டவன் அவன்தான்.

"முயல்தான்," என்றான். "சுத்தமா கொண்டுவந்திருக்கா. பெல்லு கூட இப்படிக் கொண்டு வரமாட்டா."

அடுத்து அவன் சொல்லப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "சனிக்கிழம அவளையும் கூட்டிட்டு வா." அவ்வளவுதான், அதைச் சொன்னால் போதும்.

"பத்தடியில நின்னுச்சுங்கிற. ஏன் சுடல?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"தோட்டா போடல."

ஹோபர்ட் என்னையே பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீயே அவள நம்பல டெல்மர்," என்றான் மெதுவாக. "என் நாய்ங்கள நம்பச் சொல்றியா?"

டோபியின் கழுத்தில் கயிற்றை மாட்டினான். அது வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. இழுத்துக்கொண்டு போனான். பாதி மேட்டில் திரும்பி, "சனிக்கிழம ஹார்ன் அடிக்கிறேன்," என்று கத்தினான். "நீ வா."

அடித்தான். நான் பூட்ஸ் போட்டு, கோட்டு மாட்டி, சமையலறையில் தயாராகத்தான் நின்றேன். ரூபி கதவுக்கும் என் காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை ஹார்ன் அடித்தது. வெளியே போய், போங்கள் என்று கையைக் காட்டினேன். கார்லிஸ் ஜன்னல் வழியாக ஏதோ கேட்டான். காதில் விழவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினேன். வண்டி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் போய்விட்டது. இனி எத்தனை சனிக்கிழமை வந்து நிற்பார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஒரு நாள் அலுத்துப்போகும்.

ரூபியும் நானும் மேட்டுக்குப் போனோம். வாளி அங்கேயே கிடந்தது. பனி கரைந்து புல் ஈரமாக இருந்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம் வெகுதூரத்தில் நாய்கள் பாடுவது கேட்டது. பெல்லா சார்ஜா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

ரூபி புல்லருகே போய் நின்று குரல் கொடுத்தாள். நீளமான குரல், கடைசியில் உடைந்தது. உடனே திரும்பி என் பாக்கெட்டைப் பார்த்தாள்.

பொய். எனக்குத் தெரியும். நான் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டு, தோட்டாவை எடுத்தேன். துப்பாக்கியில் போட்டு மூடினேன். எழுந்து நின்று, முயல் வரும் என்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.