முழங்கால் பனி

யதுல்லா வீட்டு முற்றம்தான் தவ்ஃபீக் வீட்டுக் கூரை. இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் மலையில் வீடுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழ்வீட்டுக்காரரின் தேநீரில் மண் விழும். கீழ்வீட்டில் வெங்காயம் வதக்கினால் மேல்வீட்டு ஆடு கண்ணீர் விடும். ஆகவே இரண்டு வீட்டாரும் உயிர் நண்பர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் ஊரைவிட்டே போய்விட வேண்டும். நடுவழி கிடையாது. அந்த இல்லாத நடுவழியில்தான் யதுல்லாவும் தவ்ஃபீக்கும் ஒரு வருஷமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மண் கூரையில் பனியைத் தங்கவிட்டால் வீடு தாங்காது. அதனால் விடிந்ததும் யதுல்லா மரப்பலகையால் பனியைத் தள்ளிவிட்டு, கல் உருளையை இப்படியும் அப்படியும் இழுத்து மண்ணை இறுக்குவார். கீழே தவ்ஃபீக் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். முன்பெல்லாம் கீழிருந்து குரல் வரும்: “யோவ், உருளைய இழுக்கறியா, உன் மாமியார இழுக்கறியா?” இப்போது வருவதில்லை. இரண்டு முழ மண்ணுக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக, இரண்டு கிழவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஊருக்குத் தெரியும். முழுக் காரணம் யதுல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

யதுல்லா முப்பது வருஷம் கணவாய்ப் பாதையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை தவ்ஃபீக்கின் மனைவி ஹப்சாவுக்கு மார்வலி. வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கணவாய்க்குக் கீழே பாதை மூடிக் கிடந்தது. பனி லாரி வரும் வரும் என்று மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். லாரி வந்தபோது மதியத் தொழுகைக்கான நேரம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹப்சாவின் முகத்தைத் துணியால் மூடினார்.

அன்று மாலை டீக்கடையில் யதுல்லா சொன்னார்: “சரிவு வந்துச்சு. ரெண்டு பாப்லார் மரம் உசரம். லாரி மொத்தமும் உள்ள போயிடுச்சு. தேநீர்க் கோப்பையாலயே தோண்டி வெளிய வந்தேன்.” யாரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஊரில் பனியைப் பற்றிய பேச்சுக்கு யாரும் அளவுகோல் கொண்டுவருவதில்லை. ஒரு வருஷம் பனிக்குள் புதைந்துபோன சேவல் ஒன்று நாற்பது நாள் கழித்து வெளியே வந்து, விட்டுப்போன நாற்பது விடியலுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கூவியது. அன்று ஊரே நாற்பது முறை எழுந்து முகம் கழுவியது. இதை நான் பார்த்தேன். யதுல்லாவின் கோப்பையும் அந்தச் சேவலோடு சேர்ந்துகொண்டது.

உண்மை சின்னது. அன்று பனி முழங்கால் அளவுதான். காரை நிறுத்த அது போதும். லாரிக்கு அது தூசு. யதுல்லா கணவாய் உச்சியில் இருந்த குடிசையில் பூட்ஸை அடுப்படியில் காயவைத்துவிட்டு, கண்ணை ஒரு நிமிஷம் மூடினார். அந்த ஒரு நிமிஷம் மூன்று மணி நேரம் ஓடியது.

வசந்தத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். கதை மட்டும் நிற்கவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள், அவரும் சொன்னார், ஒவ்வொரு தடவையும் பனி ஒரு கிளை வளர்ந்தது. டீக்கடை மூலையில் உட்கார்ந்து தவ்ஃபீக் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பேசுவதை நிறுத்தினார்.

இந்த வருஷம் முதல் பனி, வருஷத்திலேயே நீளமான இரவான யல்தாவுக்கு மூன்று நாள் முன்னால் விழுந்தது. முதல் பனி விழுந்தால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ‘பனி என்னது, விருந்து உன்னது’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி, நண்பன் சந்தேகப்படாத நேரம் பார்த்து அவன் கையில் சேர்த்துவிட வேண்டும். வாங்கிவிட்டான் என்றால் தீர்ந்தது, அவன் விருந்து வைக்க வேண்டும். கொண்டுவந்தவன் கையும் களவுமாகப் பிடிபட்டால் அவன் முகத்தில் கரி. விருந்தும் அனுப்பினவன் தலையில். முதல் பனி உருகுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் மலையில் அது சித்திரை வரைக்கும் உருகாது என்பதால் அவகாசத்துக்குக் குறைவில்லை.

யதுல்லாவும் தவ்ஃபீக்கும் நாற்பத்தொரு வருஷம் இதை ஆடியவர்கள். ஒரு தடவை தவ்ஃபீக் சீட்டை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டு அனுப்பினார். யதுல்லா பாதியைத் தின்றுவிட்டு, ‘பனி என்’ வரைக்கும்தான் வந்தது, மீதி வரவில்லை என்று வழக்காடிப் பார்த்தார். செல்லவில்லை. இன்னொரு தடவை யதுல்லா மாட்டு டாக்டரைப் பிடித்து, தவ்ஃபீக்கின் பசுவுக்கு மருந்துச் சீட்டாக எழுதிக் கொடுக்கவைத்தார். பசு பிழைத்தது. தவ்ஃபீக் ஒரு முழு ஆட்டை இழந்தார்.

போன வருஷம் சீட்டு வரவில்லை. துக்க வீடு. இந்த வருஷம் வரும் என்று யதுல்லா நம்பினார். வரட்டும் என்று தன்னையே இரையாக வைத்தார். யார் எதை நீட்டினாலும் வாங்கினார். முள்ளங்கி கொடுத்தார்கள், வாங்கி உரித்துப் பார்த்தார். பள்ளிவாசலில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் காலுறையைத் தானே வலியப் போய் வாங்கி, உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது.

“மூணு நாளா ஊர்ப்பட்ட குப்பையெல்லாம் வீட்டுக்கு வருது” என்றாள் மனைவி கலாவேஷ். “உங்களுக்கு வேண்டியது கீழ்வீட்டுல இருக்கு. படி எட்டுதான். எறங்கிப் போய்ப் பேசுங்களேன்.”

“அவன் கதவத் தொறக்க மாட்டான்.”

“ரெண்டு மரம் உசரப் பனியக் கோப்பையால தோண்டின ஆளு, ஒரு கதவுக்குப் பயப்படறீங்களா?”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். யதுல்லாவுக்கு நெஞ்சில் முள் ஏறியது. அவளுக்கும் அவர் அந்தக் கதையைத்தான் சொல்லியிருந்தார்.

யல்தா வந்தது. முன்பெல்லாம் அன்று பொழுது சாயும் முன்பே பிள்ளைகள் கூரை கூரையாக ஏறி, வெளிச்சத் துவாரம் வழியாகச் சால்வையைக் கீழே விடுவார்கள். வீட்டிலுள்ளவர்கள் அதன் முனையில் வாதுமையோ உலர்ந்த முசுக்கொட்டைப் பழமோ கட்டி அனுப்புவார்கள். இப்போது பிள்ளைகளெல்லாம் நகரத்தில். நாற்பது வீட்டில் பதினொரு வீட்டுப் புகைபோக்கிதான் புகைந்தது. அவ்வளவு அமைதி. பனி விழும் சத்தம் கேட்டு நாய் குரைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் திரும்பிய பிறகு யதுல்லா முற்றத்துக்கு வந்தார். அறுபத்தெட்டு வயதில், யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, முற்றத்து நடுவில் மண்டியிட்டார். கீழ்வீட்டு வெளிச்சத் துவாரத்தின் தகர மூடியை நகர்த்தினார். கழுத்துச் சால்வையை அவிழ்த்து மெல்லக் கீழே விட்டார்.

கீழே அடுப்பு எரியும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. சால்வை ஆடாமல் தொங்கியது. குளிரில் யதுல்லாவின் விரல்கள் மரத்துப்போயின. இழுத்துவிடலாமா என்று நினைத்தபோது, கீழே முனை லேசாக அசைந்தது. யாரோ முடிச்சுப் போட்டார்கள்.

மேலே இழுத்தார். முடிச்சுக்குள் நாலு வாதுமை. நாலையும் கையில் கொட்டினார். கூடவே நாலாக மடித்த ஒரு தாளும் கையில் விழுந்தது.

யதுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானாகச் சால்வையை விட்டு, தானாக இழுத்து, தன் கையாலேயே அவிழ்த்து வாங்கியிருக்கிறார். நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு தோல்வி கிடையாது. “கலாவேஷ்! ஆட்டுக்கு ஏற்பாடு பண்ணு!” என்று கத்தப்போனவர் தாளைப் பிரித்தார்.

‘பனி என்னது. உண்மை உன்னது.’

சிரிப்பு பாதியில் நின்றது. சுற்றி வெள்ளையாக இருந்தது. கைக்குள் வாதுமை நான்கும் கூழாங்கல் மாதிரி கனத்தன. வாங்கவில்லை என்று சொல்ல வழியில்லை. வாங்கினவன் கொடுத்தாக வேண்டும்.

எட்டுப் படி. இறங்குவதற்குள் தொழுகை ஒன்றை முடித்துவிடலாம். அவ்வளவு நேரம் ஆயிற்று.

தவ்ஃபீக் கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மெத்தை விரித்திருந்தது. தவ்ஃபீக் அந்தப் பக்கம் உட்கார்ந்து மாதுளை உரிக்கத் தொடங்கினார். சுவரில் ஹப்சாவின் பச்சைத் தலைத்துணி ஆணியில் அப்படியே தொங்கியது.

யதுல்லா மெத்தையில் உட்கார்ந்தார். வாய் பழகின தடத்திலேயே போனது. “அன்னிக்கி... ரெண்டு பாப்லார் மரம் உசரத்துக்குச் சரிவு...”

தவ்ஃபீக் மாதுளை முத்தைக் கிண்ணத்தில் போட்டார். டக் என்றது.

“சரி, ஒரு மரம்னு வச்சுக்க.”

டக்.

“சின்ன மரம். லாரி உசரம் இருக்கும்.”

டக். டக்.

“இடுப்பு வரைக்கும்...” என்றார் யதுல்லா. தலையைக் குனிந்துகொண்டார். “முழங்கால்.”

தவ்ஃபீக்கின் கை நின்றது. “மேலயா, கீழயா?”

“கீழ.”

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது.

“தூங்கிட்டேன் தவ்ஃபீக். பூட்ஸக் காய வச்சேன், கால் சூடாச்சு, கண்ணு சொருகிடுச்சு. கீழ காரு நிக்குதுன்னு தெரியாது. ஹப்சா இருக்கான்னு தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா, யாராவது நிப்பாங்கன்னுதானே எங்கிட்ட அந்த லாரியக் குடுத்து வச்சிருந்தாங்க.”

தவ்ஃபீக் மாதுளையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மாதுளையிடம் பேசுவது போலப் பேசினார். “கார விட்டு எறங்கி, வளைவு வரைக்கும் நடந்தேன். அதுக்கு மேல அவள விட்டுட்டுப் போக மனசு வரல. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை தெரிஞ்சுது. பொகபோக்கியில பொக. கத்தினேன், காத்து கொண்டுபோயிடுச்சு. திரும்பி வந்து அவகிட்ட சொன்னேன், யதுல்லா இருக்கான், பொக தெரியுது, இப்ப வந்துடுவான்னு. ‘அவன் இருந்தா சரி’ன்னு சொன்னா அவ.”

யதுல்லாவால் நிமிர முடியவில்லை. “தெரிஞ்சும் ஏன்யா ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டிருந்தா, அந்தப் பொகைக்கும் நீ ஒரு கதை வச்சிருப்ப.”

யதுல்லா எழுந்தார். “வாங்கினதுக்குக் குடுத்துட்டேன்” என்றார், கதவைப் பார்த்தபடி.

“எங்கிட்ட சொன்னா ஆச்சா? விருந்த ஒருத்தனுக்கு மட்டுமா வைப்பாங்க? டீக்கடையில அளந்தது. அங்கதான் போடணும்.”

மறுநாள் காலை யதுல்லா டீக்கடைக்குப் போனார். போவதற்கு முன் கலாவேஷிடம் சொல்லிவிட்டார். அவள் அவர் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். தவ்ஃபீக் மூலையில்.

“வாங்கண்ணே!” என்றான் கடைக்கார சுபைர். “இந்த வருஷப் பனிக்கு உங்க மரம் எவ்வளவு வளந்திருக்கு? மூணா, நாலா?”

யதுல்லா உட்காரவில்லை. “ஹப்சா போன அன்னிக்கி சரிவெல்லாம் ஒண்ணும் இல்ல. பனி முழங்காலுக்குக் கீழதான். நான் குடிசையில மூணு மணி நேரம் தூங்கிட்டேன்.”

சிரிப்பில் கடை வெடித்தது. சுபைர் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒருவர் தொடையில் அடித்தார். “முழங்காலாம்! தூங்கினாராம்! மூஞ்சியப் பாரு, என்னமா வச்சிருக்காரு! அண்ணே, இத்தன வருஷத்துல நீங்க விட்டதுலயே இதுதான் பெரிசு!”

யதுல்லா நின்றார். வாழ்நாளில் அவர் சொன்ன எந்தக் கதைக்கும் இப்படிச் சிரித்ததில்லை. “நெசம்தான்” என்றார். சிரிப்பு இன்னும் ஏறியது. “நெசமாத்தான்யா” என்றார் மறுபடியும். அதற்கும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது சுபைர் மூலையைப் பார்த்தான். தவ்ஃபீக் சிரிக்கவில்லை. சுபைரின் வாய் மூடியது. பக்கத்தில் இருந்தவர் அவனைப் பார்த்தார், பிறகு மூலையைப் பார்த்தார். ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைசியில் சமாவரில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. யாரும் யதுல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவுமில்லை.

தவ்ஃபீக் எழுந்தார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். யதுல்லாவைக் கடந்து கதவு வரைக்கும் போய், வெளியே பார்த்தபடி நின்றார்.

“ராத்திரிப் பனி அப்படியே கூரையில கெடக்கு” என்றார். “வந்து தள்ளுறியா, இல்ல நானே ஏறட்டுமா?”

“வர்றேன்” என்றார் யதுல்லா.

தவ்ஃபீக் முன்னால் நடந்தார், யதுல்லா பத்தடி பின்னால். தவ்ஃபீக் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் பதித்த தடத்திலேயே கால் வைத்து யதுல்லா ஏறினார். பனி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. நான் அளந்து பார்த்தேன்.