புரோக்கருக்குக் குரல் போனது

மன்னார்ச் சந்தையில் பிரான்சிஸ்கா கருவாட்டுக்கு விலை பேசத் தொடங்கினால் கொழும்பு லொறிக்காரர்கள் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். டீசலாவது மிஞ்சட்டும் என்றுதான். தம்பி பெனடிக்ற் தொலைக்காட்சியில் நடிக்கப் போனபோது அவனுடைய சம்பளத்தையும் அவளே பேசினாள். நடிப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சரக்கு நல்லது, வாங்க வந்தவனுக்கு அது கட்டாயம் வேண்டும், இந்த இரண்டும் தெரியும். அது போதும்.

திங்கட்கிழமை நாடகத்தில் பெனடிக்ற் ஒரு பொய்க்காரக் கலியாணப் புரோக்கர். வவுனியா பஸ்ஸில் ஒரு கிழவி, "நீதானே அந்தப் பெட்டையைக் குடிகாரனுக்குக் கட்டிவைச்சனி!" என்று அவனைக் குடையால் அடித்திருக்கிறாள். அரசாங்கம் தராத விருதை அந்தக் குடை தந்தது. எல்லாம் அவனுடைய குரல் செய்த வேலை. வெண்ணெயில் ஊறிய குரல். எந்தப் பொய்யும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

அந்தக் குரல் கரகரத்தது. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த நாட்டில் மகரகம என்று சொன்னால் என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. குரல்பெட்டியை வெட்டி எடுக்கவேண்டும், சுணங்கினால் ஆளே மிஞ்சமாட்டான் என்றார் டொக்டர்.

"நாடகத்தின்ரை அடுத்த பாகம் முடியட்டும்" என்று பெனடிக்ற் எழுந்து வந்துவிட்டான். "குரலைக் குடுத்திட்டுப் பிறகு எதாலையக்கா பொய் சொல்லுறது?"

பிரான்சிஸ்கா அழுதாள், ஏசினாள், மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். அவன் அசையவில்லை. கடைசியில், நாடகத்தைக் கெதியாய்த் தொடங்கினால் கெதியாய் முடியும், பிறகு வெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். தயாரிப்பாளர் ஜுனைதீனுக்கு மட்டும் விசயம் தெரியக்கூடாது.

அவர் சம்பளம் பேச ஓலைத்தொடுவாயில் அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று தம்பியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எங்க புரோக்கர்?" கதிரையில் இருந்தபடி ஜுனைதீன் கேட்டார்.

"தடிமன், நானா. மூக்கடைச்சுப் படுத்திருக்கிறான்."

இருவருக்கும் ஒரே வயது. அவர் அக்கா என்பதும் அவள் நானா என்பதும் ஒருவரை ஒருவர் கிழவராக்கும் சந்தை மரியாதை. தேத்தண்ணி கொடுத்தாள். அறைக்குள் இருமல் கேட்டபோதெல்லாம் கரண்டியைத் தட்டத்தில் போட்டுச் சத்தம் எழுப்பினாள். ஜுனைதீன் தன் விலையைச் சொன்னார். வழக்கம்போல அது கேட்பவரை அவமானப்படுத்தும் விலை.

"ஓம்" என்றாள் பிரான்சிஸ்கா.

ஜுனைதீன் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்புப் போய்விட்டது.

"அக்கா, அவனுக்கு என்ன வருத்தம்?"

"தடிமன் எண்டு சொன்னனே!"

"தடிமனுக்கு நீங்க ஓம் எண்டு சொல்லமாட்டீங்க. என்ட வாப்பா சிலாவத்துறையில மாட்டு யாவாரி. கேட்ட விலைக்கே கயித்தக் கையில தந்தா அவர் மாட்டை வாங்கமாட்டார், வாயைத் திறந்து பார்ப்பார்."

வாழ்நாளில் ஒருமுறை பேரம் பேசாமல் விட்டாள். அந்த ஒருமுறையில் பிடிபட்டாள்.

"மகரகம" என்றாள்.

ஜுனைதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அல்லாஹ் லேசாக்கட்டும். ஆனா அக்கா, குரல் இல்லாதவனை வைச்சு நான் என்ன செய்ய? நடுவில விழுந்தா டிவி சனல்காரன் என்னை உரிச்சுப்போடுவான்."

எழும்பப் போகிறார். எழும்பினால் தம்பி வெட்டுக்கும் போகமாட்டான், நடிக்கவும் மாட்டான். அந்த அறைக்குள்ளேயே கிடந்து முடிந்துபோவான். நனைந்த கருவாட்டையும் விற்றவள் அவள். அதற்கென்று ஒரு வாயை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறாள்.

"குரல் போன புரோக்கர் வேணாமோ, நானா?"

"என்ன?"

"புரோக்கருக்குத் தொண்டையிலை வருத்தம். குரல் போட்டுது. இனிப் பொய் சொல்லேலாது. கையாலையும் கண்ணாலையும் எப்பிடிக் கலியாணம் பேசுவான்? பாக்கச் சனம் வராதே?"

ஜுனைதீனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதே நேரம் கதவு திறந்தது.

"என்ர வருத்தத்தையும் விக்கிறாய், என்ன?" பெனடிக்ற் நின்றான். அவன் குரல் மணலில் இழுக்கிற தோணிபோல இருந்தது. பிரான்சிஸ்கா அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

அவன் மற்றக் கதிரையில் இருந்தான். "அப்ப வெட்டிப்போட்டும் நடிக்கலாம்."

"ஓமடா!"

"ஊமை வேசம் ஆரும் செய்வாங்கள், நானா. இவ்வளவு நாளும் குரலுக்காக என்னை வைச்சிருந்தீங்கள். இனி என்னத்துக்கு?" சற்று மூச்சு வாங்கினான். "எனக்குப் பிறகு புரோக்கராய் ஒருத்தனையும் போடக்கூடாது. நான் நிக்கிற இடத்திலை புரோக்கரும் நிக்கோணும்."

"கதை அந்தரத்தில நிக்குமே, மகன்!"

பிரான்சிஸ்காவுக்கு இப்போது பழைய நாக்குத் திரும்பி வந்தது. வெயில் சாய்கிற வரைக்கும் அந்த ஒரு வாக்குக்காகப் பேசினாள். சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தாள். ஜுனைதீன் கடைசியில் சம்மதம் என்று கையைக் கொடுத்தார்.

வெட்டு நடந்தது. கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு பெனடிக்ற் நடித்தான். புருவத்தால் சீதனம் கேட்டான், பெருவிரலால் மாப்பிள்ளையின் குடியை மறைத்தான். ஊர் சிரித்தது. பிரான்சிஸ்கா சிரிக்கவில்லை, திரையில் அவன் கன்னம் கிழமைக்குக் கிழமை ஒட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். ஃபோனைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். வருத்தம் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்ற செய்தியும் அந்த ஃபோனில்தான் வந்தது. நாடகத்தில் பெண்வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நாள் குறிக்கவேண்டிய காட்சிக்கு முன் அவன் செத்துப்போனான். முப்பத்தொன்பது வயது.

அடக்கம் முடிந்த கிழமை ஜுனைதீன் ஃபோன் எடுத்தார். "அக்கா, முதுகை மட்டும் காட்டுவம். ஒரு பொடியன் இருக்கிறான், அதே உயரம். ஒரேயொரு காட்சி. நீங்க விட்ட பாதியையும் சேர்த்துத் தாறன்."

முன்னால் லொறிக்காரன் தராசைப் பிடித்தபடி காத்திருந்தான். சம்மதித்தால் இன்னொரு திங்கட்கிழமை அந்தச் சால்வையைப் பார்க்கலாம்.

"கை தந்தனீங்கள், நானா" என்றாள்.

அந்தப் பக்கம் நெடிய மூச்சு. "ஓம். தந்தனான்."

நாடகம் நாள் குறிக்காமலே நின்றது. இப்போதும் நானாட்டான் பக்கத்துப் பெண்கள் கருவாட்டைப் புரட்டிப் பார்த்தபடி கோபமாகக் கேட்கிறார்கள்: "ஏனக்கா, அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்ததோ, இல்லையோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்கிறாள் பிரான்சிஸ்கா. "அவன் சொல்லேல்லையே."