கையில் வாங்காத ஆடுகள்

உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்ற நாலு பேர் குனிந்தபோது, கொல்லையில் ஆடு கத்தியது. ஒன்று கத்த, மற்றதும் சேர்ந்துகொண்டது. கலிமா சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் தயங்கி, பிறகு குரலை உயர்த்தியது.

திரைக்குப் பின்னால் நின்ற ஹாஜராவின் காதில் அந்த இரண்டு சத்தங்களும் விழுந்தன. கணவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் வாசல் வரைகூடப் போக முடியாது. இன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா. இந்த அறையும் இந்தத் திரையும்தான் உலகம்.

"ஏது, வூட்டுல ஆடு கத்துது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அண்ணன் இன்னிக்குக் காலையிலதான் தாசேக் கெலுகோர்ல இருந்து கொண்டாந்து கட்டுனாரு. ரெண்டு ஆடு," என்றான் அவள் கொழுந்தன் இஸ்மாயில். அழுது அழுது அவன் குரல் கம்மியிருந்தது.

"எதுக்காம்?"

"தெரியலையே. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலே."

"யா அல்லாஹ்! தெரியலையா தம்பி? தன் கத்தத்துக்குத் தானே ஆடு கொண்டாந்து கட்டிட்டுப் போயிருக்காரு. யாருக்குக் கிடைக்கும் இந்த மௌத்து!"

சந்தூக் தெருத் திரும்புவதற்குள் அந்தப் பேச்சு வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் வந்து சேர்ந்தது. இரவுக்குள் சூலியா தெரு முழுவதும் பரவிவிட்டது. தொப்பிக் கடை சீனி முகம்மதுவுக்குத் தன் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நேரே போய், தன் மூன்றாம் நாள் கத்தம் ஓதும் விருந்துக்கு ஆடு பிடித்து வந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் கொல்லைக்குப் போய் ஆடுகளைப் பார்த்தார்கள். ஒரு கிழவி கிடாவின் நெற்றியைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பக்கத்து வீட்டுக் காமாரியா வந்து சொன்னாள்.

"அவுலியா மாதிரி, மகான் மாதிரி போயிட்டாரு லாத்தா உங்க வூட்டுக்காரரு. ஊரே சொல்லுது. நீங்க குடுத்து வச்சவங்க."

அந்த ஆடுகள் எதற்கு வந்தன என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவரை மண்ணில் வைத்தாகிவிட்டது.

அவர் இறந்த அன்று காலை ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷாக்காரச் சீனன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். வண்டியில் சீனி முகம்மது, மடியில் ஒரு ஆடு, காலடியில் ஒரு ஆடு. இரண்டும் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு. பட்டர்வொர்த்திலிருந்து படகில் வரும்போது செம்பழுப்பு அவர் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தின்றுவிட்டிருந்தது.

"என்னங்க இது? குட்டியா?"

"குட்டி இல்லே. வளந்த ஆடு. இதுக்கு மேல வளராது, பள்ளை ஆடு. ஜெலுத்தோங்குல அந்த மலாய்க்காரம்மா வூட்டு வாசல்ல அரை மணி நேரம் தடவிக்கிட்டு நின்னியே, அதே ஜாதி. உனக்குத்தான். இந்தா, புடி."

இரண்டு கயிறுகளையும் அவர் நீட்டினார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்கு எதுக்கு?"

"நான் கடைக்குப் போயிட்டா நாள் பூரா தனியாத்தானே இருக்கே. ஒரு துணைக்கு."

"பதினாறு வருஷமாப் புள்ளை இல்லாதவ ஆட்டைத் தூக்கி வச்சுக் கொஞ்சுறான்னு ஊர் சிரிக்கணுமா? அதுக்குத்தான் கடலைத் தாண்டிப் போனீங்களா? நான் தொடமாட்டேன். கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானே ஆடுகளை இழுத்துப்போய்க் கொல்லைத் தூணில் கட்டினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் உடனே எழுந்திருக்கவில்லை. கழுவிய மீனையே மறுபடி கழுவினாள். பிறகு செம்பை ஓங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் எடுத்துக்கொண்டு போனாள். அவர் தலை சாய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை கத்தி தீட்டும் சத்தத்தில் அவள் விழித்தாள்.

திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். கொல்லையில் மூன்று அடுப்புகள் மூட்டியிருந்தார்கள். விருந்துச் சமையலுக்கு வந்த பண்டாரி அம்மியடியில் உட்கார்ந்து நீளக் கத்தியைக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தார். இஸ்மாயில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அறுப்பதற்கு முன் காட்டும் தண்ணீர்.

"ரெண்டையும் சேத்தாலும் ஒரு தேக்சா சட்டிக்குக் காணாது லா," என்றார் பண்டாரி. "பூனை சைசுல இருக்கு."

"அண்ணன் கொண்டாந்தது. நூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டாவது போய்ச் சேரணும். ஊர் ஆசைப்படுது. மத்ததுக்குப் பாசார்ல கறி வாங்கிக்கலாம்."

ஹாஜரா வாயைத் திறந்தால் அவருடைய பெயருக்கு இரண்டு நாளாகச் சேர்ந்த பெருமை போய்விடும். திறக்காவிட்டால் அந்தக் கத்தி.

பள்ளிவாசல் லெப்பை வந்துவிட்டார். அறுக்கும்போது பிஸ்மில்லா சொல்ல அவரைத்தான் அழைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், கணக்குக் கேட்பதுபோலக் கேள்வி கேட்பவர்.

"இஸ்மாயிலு, இது மௌத்தானவரு பொருள். வாரிசு நீயும் உங்க மதினியும். அவங்கக்கிட்டக் கேட்டுட்டியா?"

"அவங்க என்ன சொல்லப்போறாங்க லெப்பை? அவங்க புருஷன் கத்தந்தானே."

"கேட்டியா, இல்லியா?"

இஸ்மாயில் திரையின் பக்கம் திரும்பினான். "மதினி, ஆட்டை அறுக்கலாமில்லே?"

ஹாஜரா வாய் திறப்பதற்குள் காமாரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "குரல் குடுக்காதீங்க லாத்தா, அன்னிய ஆம்பளைங்க நிக்கிறாங்க. நான் சரின்னு சொல்லிடுறேன்."

ஹாஜரா கையை உதறினாள்.

"அறுக்க வேணாம்."

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

"ஏன் மதினி?"

"அதை எனக்குன்னு கொண்டாந்தாங்க."

லெப்பை திரைக்கு அருகில் வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "அப்படின்னா பேச்சே இல்லேம்மா. உங்களுக்குக் குடுத்திருந்தா அது உங்க பொருள். யாரும் தொட முடியாது. ஆனா ஒண்ணு. குடுக்கறேன்னு சொன்னா மட்டும் பத்தாது, வாங்குனவங்க கைக்கு வந்திருக்கணும். கயித்தைக் கையில வாங்குனீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஜன்னலில் தெரிந்த முகங்களும் அவள் கையைப் பார்த்திருக்கப் போவதில்லை. ஆமாம் என்றால் ஆடுகள் பிழைத்தன. அவளும் பிழைத்தாள். கணவர் கடைசியாகக் கொடுத்ததைக் கைநீட்டி வாங்கிய மனைவி என்று நாளைக்குக் காமாரியா தெருவெல்லாம் சொல்வாள்.

"வாங்கலே," என்றாள் ஹாஜரா.

"என்னம்மா?"

"நீட்டினாங்க. நான் வாங்கலே. ஊர் சிரிக்கும், தொடமாட்டேன், கொண்டுபோய் விட்டுட்டு வாங்கன்னு சண்டை போட்டேன். அவங்களேதான் கட்டுனாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "கத்தத்துக்கு இல்லே லெப்பை. நான் பகல்ல தனியா இருக்கேன்னு, துணைக்கு வளக்கக் கொண்டாந்தாங்க. தண்ணி கேட்டாங்க, நான் கோவத்துல மெதுவாத்தான் போனேன்."

காமாரியா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

லெப்பை தொண்டையைச் செருமினார். "அப்ப அது பொதுச் சொத்துதான். ரெண்டு வாரிசும் சம்மதிக்கணும். நீங்க?"

"நான் சம்மதிக்கலே."

"கேட்டுக்கிட்டியா இஸ்மாயிலு? இனிமே கத்தி வைக்கக் கூடாது."

"என்ன லெப்பை நீங்க!" இஸ்மாயிலின் குரல் உடைந்தது. "ஊர் பூரா அண்ணனைப் பெரிய மனுஷனாப் பேசுது. கப்பல்காரங்ககூட வந்து ஆட்டைப் பாத்துட்டுப் போறாங்க. இப்ப நான் போயி, கொஞ்சறதுக்கு வாங்கினாருன்னு சொல்லவா? சிரிப்பாங்க லா!"

"சிரிக்கறவன் சாப்பிடாமப் போகட்டும். ஒரு ஆள் சோறு மிச்சம்."

பண்டாரி எழுந்தார். "அப்ப நான் கத்தியை மூட்டை கட்டவா, பாசாருக்கு இன்னும் ஒரு கூடை அனுப்பவா? சட்டுனு சொல்லுங்க, அரிசி ஊறிப்போச்சு."

இஸ்மாயில் கூடையை எடுத்துக்கொண்டு தானே போனான்.

பாசார்க் கறியில் கத்தம் நடந்தது. ஓதி முடித்தார்கள், சாப்பிட்டார்கள். கறி எந்த ஆடு என்று இரண்டு பேர் கேட்டார்கள். இஸ்மாயில் என்ன சொன்னான் என்று ஹாஜராவுக்குக் கேட்கவில்லை. அதன்பின் முன்கட்டில் யாரோ சிரித்தது மட்டும் கேட்டது. யாரோ அவரை அதட்டியதும் கேட்டது.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வீடு காலியானது; காமாரியா மட்டும் துணைக்கு இருந்தாள். திரைக்கு வெளியே காலடி வந்து நின்றது.

"மதினி."

"சொல்லுங்க தம்பி."

"காலையில இருந்து ரெண்டும் ஒண்ணும் திங்கலே. புல்லு போட்டேன், மோந்து பாத்துட்டு விட்டுருச்சு. என்ன குடுக்கணும்னு அண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?"

"நான் கேக்கலே," என்றாள்.

அவன் கொல்லைப் பக்கம் போனான். தூணில் முடிச்சவிழ்க்கும் சத்தம், பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டன. அவன் எதையோ தேடி வெளியே போய்விட்டான் போலிருந்தது.

சற்று நேரத்தில் திரையின் அடிப்பக்கம் அசைந்தது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு மூக்கு நுழைந்தது, பிறகு கொம்பு, பிறகு முழு உடம்பும்.

"லாத்தா! இது கிடா!" காமாரியா பாய்ந்து எழுந்தாள். "இத்தா அறைக்குள்ள ஆம்பளை..." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு வந்துவிட, வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கிடா அறையைச் சுற்றிப் பார்த்தது. பாயின் மூலையை முகர்ந்தது, வேண்டாமென்று விட்டது. பிறகு ஹாஜராவிடம் வந்து, அவள் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் தலைப்பைக் கடித்து, நிதானமாக மெல்லத் தொடங்கியது.

தலைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் இழுக்கவில்லை.