இல்லாத மாடிக்கு வரி

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. மாடிப்படி மட்டும் உண்டு. வெளிச்சுவரை ஒட்டி ஏறுகிற அந்தப் படி மொட்டைமாடியில் போய் முடியும். அங்கே தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் காலி பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வீடு கட்டும்போது, "மேல உனக்கு ஒரு தையல் ரூம் போட்டுடலாம், இப்போதைக்குக் கம்பியை விட்டு வைப்போம்" என்று சொன்னவர் என் வீட்டுக்காரர். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் மெஷின் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. யார் கதவைத் திறந்தாலும் என் முழங்கையில் இடிக்கும். துணியைக் கட்டிலில் விரித்துத்தான் வெட்ட வேண்டும்; அவர் முதுகில் குண்டூசி குத்தினால் அதற்கும் நான்தான் திட்டு வாங்க வேண்டும். அளவு கொடுக்க வருகிற பெண்களை அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடிக்கிறேன்.

இந்த லட்சணத்தில், வீட்டு வரியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி நோட்டீஸ் வந்தது. தரைத்தளம், முதல் தளம் என்று போட்டிருந்தார்கள். அளக்க வந்தவர் தெருவில் நின்றே படியையும் கம்பியையும் பார்த்துவிட்டு, மேலே ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு மாடியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமாகக் கட்டாததை அந்தப் புண்ணியவான் ஒரு நிமிஷத்தில் கட்டிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

மேல்முறையீடு போட்டோம். ஃபோட்டோ கேட்டார்கள். கொண்டுபோனால், பக்கவாட்டில் எடுத்தது வேண்டும் என்றார்கள். அதையும் எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி லீவு. நான் அங்கே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்க, ஸ்கூல் யூனிஃபார்ம் கொடுத்திருந்த அம்மாமார்கள் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார்கள்.

ஒருவழியாக, என் வீட்டுக்காரரும் கூட வந்திருந்த அன்று அதிகாரி கிடைத்தார். ஃபோட்டோவை மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை பார்த்தார்.

"படி இருக்கே?"

"துணி காயப்போட ஏறணும்ல சார்."

"கம்பி?"

"பின்னாடி கட்டலாம்னு விட்டது."

"அப்ப கட்டப் போறீங்க."

"இன்னும் கட்டல சார்! கட்டினா வரி போடுங்க. காத்துக்கு எதுக்குப் போடுறீங்க?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோவப்படாதீங்கம்மா. மாடி இல்லைன்னு எனக்கும் தெரியுது. ஆனா கம்பி நீட்டிட்டு இருந்தா வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். கம்பியை வெட்டிடுங்க. மேல கட்டுற எண்ணம் இல்லைன்னு எழுதிக் குடுங்க, பழைய வரியே போட்டுடறேன். வீடு ரெண்டு பேர் பேருலயும் இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எண்ணம் இல்லைதானே சார்?"

"அய்யோ, இல்லவே இல்ல சார். அந்த எண்ணம் எப்பவுமே கிடையாது."

தொண்டையைக்கூடச் செருமவில்லை. ஒரு சட்டை எடுக்க அரை நாள் யோசிக்கிற மனுஷர். சொன்ன கையோடு கையெழுத்தையும் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

காற்றடித்துப் பாட்டில்கள் உருளும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து மறுபடியும் கவிழ்த்து வைத்தவள் நான். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் மெஷினில் வெளிச்சம் விழும் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

"என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க?"

"சும்மா சொன்னேன். நீ போடு." கண்ணைக் காட்டினார்.

"எது சும்மா? இப்ப இவர்கிட்ட சொன்னதா, இத்தனை வருஷமா எங்கிட்ட சொன்னதா?"

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்ட ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆபீஸில் போய் அழுவதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பேனாவை மூடி அவர் சட்டைப் பையில் செருகினேன்.

"நான் கையெழுத்துப் போடல சார். கம்பி அப்படியே இருக்கட்டும்."

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வரியைக் குறைக்கத்தானே இவ்வளவு நாள் அலைஞ்சீங்க? அப்புறம் புது வரிதான் வரும். இல்லாத மாடிக்கு வருஷா வருஷம் தண்டம் அழணும்."

"நான் எங்க சார் அழப்போறேன்? வீட்டு வரி இவர் சம்பளத்துலதான் போகுது. மாடி வர்ற வரைக்கும் இவரே கட்டட்டும்."

பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.