கோப்பிகிட்ட சொல்லு

சவரிநாதனுக்கும் அவருடைய ஒரே மகள் ஜோசலினுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. கோவிலில் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஓலையும் வாசித்து முடித்த பிறகு, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள் அவள். அப்படியானால் நீ எனக்கு மகளே இல்லை என்றார் இவர். கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நாய் வைக்கக் கூடாதாம். அதனால் அவள் குட்டியிலிருந்து வளர்த்த கோப்பி மட்டும் குனோங் ராபாட்டில் அப்பா அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது.

பேச்சு நின்றுவிட்டது என்றால் ஒரேயடியாகப் பேசாமல் இருந்துவிட முடியுமா? நடுவில் ஓர் ஆள் வேண்டும். மற்ற குடும்பங்களில் அதற்கு யாராவது ஓர் அத்தை அகப்படுவாள். இந்த வீட்டில் அகப்பட்டது நாய்.

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் ஜோசலின் அம்மாவின் போனுக்கு அடிப்பாள். அம்மாவோடு கொஞ்சம் பேசிவிட்டு, "கோப்பிய காட்டுங்கம்மா" என்பாள். அவள் குரல் கேட்டதும் கோப்பி எங்கே இருந்தாலும் பாய்ந்து வந்து போனை நக்கப் பார்க்கும்.

"கோப்பி, தாத்தாவுக்கு இருமல் எப்படி இருக்கு? மூச்சுக்குப் பம்ப் அடிக்கிறாரான்னு கேட்டுச் சொல்லு."

சவரிநாதன் பேப்பரைக் கீழே இறக்காமலே பதில் சொல்வார். "டேய், உங்கம்மாகிட்ட சொல்லு, அடிக்கிறாருன்னு. அவளையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

"பேரப்புள்ளைய கண்ணுல காட்டல, அதுக்குள்ள என்னை நாய்க்குப் பாட்டியாக்கிட்டீங்க லா" என்று அவர் மனைவி பெட்ரீசியா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் போனை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பித்தான் பிடிப்பாள்.

போன வாரம் ஜோசலின், "கோப்பி, கொழுத்து உருண்டுபோயிட்டியே! நாம முன்ன போவோமே, மலைமேல ஏரி, அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றாள். நாயிடம் சொன்னதுதான். ஆனால் சவரிநாதன் அதைத் தனக்கு வந்த கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். இன்று சனிக்கிழமை. நாளைக்கு அவள் கூப்பிடும்போது, போயிட்டு வந்தோம்னு சொல்லு கோப்பி என்று அலட்டிக்கொள்ளாத மாதிரி சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம்.

சிம்பாங் பூலாயைத் தாண்டி மலைப்பாதையில் சவரிநாதன் ஓட்டிய காடி ஏறியது. ஏரியைச் சுற்றி நடைபாதை. நாய்களைக் கொண்டு வரலாம், கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்று வாசலிலேயே படம் போட்ட பலகை இருந்தது. பெட்ரீசியாவுக்கு முழங்கால் வலி. காடியை நிறுத்திய இடத்தில் சோளம் விற்கும் கடையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கயித்த அவுத்துடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும்தான். ஆனால் பாதி ஏரி தாண்டியதும் கோப்பி இழுத்த இழுப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. முன்னும் பின்னும் ஆளில்லை. அவர் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் பின்னால் நாய்கள் சும்மாதான் போகும், சும்மாதான் வரும். தோட்டத்து நாய் என்றைக்குக் கயிற்றில் நடந்தது? குனிந்து கொக்கியைக் கழற்றினார்.

கொஞ்ச தூரம் கோப்பி நல்ல பிள்ளையாக முன்னே ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடியது. சவரிநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் மேலேயிருந்து ஒரு குரங்கு பாதையில் குதித்தது. கோப்பி அதன் பின்னால் ஒரே பாய்ச்சலாக மூங்கிலுக்குள் புகுந்தது. குரைப்பு தள்ளித் தள்ளிப் போனது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

"கோப்பி!"

குரைத்துக்கொண்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கத்தினார், விசிலடித்தார், கத்தினார். இருமல்தான் வந்தது. கால்சட்டைப் பையைத் தடவினார். பம்ப் காடியில் இருந்தது. ஏரிமேல் பனிமூட்டம் இறங்கத் தொடங்கி, எதிர்க்கரை கண்ணுக்கு மறைந்தது.

இரண்டு குட்டி நாய்களைக் கயிற்றில் பிடித்தபடி ஒரு சீனப் பெண் வந்தாள். அவர் கையில் வெறும் கயிற்றைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கிறார்கள், தனியாக இறங்கித் தேடாதீர்கள் என்று மலாயில் சொன்னாள். நாய் புகுந்த இடத்தில் உங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், வாசனைக்கு வரும் என்றாள். வாசலில் இருப்பவர்களிடம் தகவல் சொல்கிறேன் என்று வேகமாக நடந்தாள்.

சவரிநாதன் சட்டையைக் கழற்றி மூங்கில் ஓரம் விரித்தார். பனியனோடு ஒரு கல்லில் உட்கார்ந்தார். குளிர் முதுகில் ஏறியது. கண்ணி கண்ணி என்று அந்த ஒரு வார்த்தையே மண்டைக்குள் ஓடியது. கம்பி கழுத்தில் விழுந்திருக்குமோ? அதனால்தான் சத்தம் நின்றதோ?

நாளைக்குப் போன் வரும். பெட்ரீசியா எதைக் காட்டுவாள்? கோப்பி படுக்கும் காலிப் பாயையா? இனி ஜோசலின் யாரிடம் கேட்பாள், தாத்தா பம்ப் அடிக்கிறாரா என்று? நாய் போனதைவிட அந்தக் கேள்வி போய்விடுமே என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. உள்ளே அந்த வாயில்லா ஜீவன் என்ன பாடுபடுகிறதோ, நான் இதை நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டு கேட் திறந்து கிடந்தது, ஓடிவிட்டது என்று சொல்லிவிடலாமா? பெட்ரீசியாவைக் கெஞ்சினால் ஒத்துக்கொள்வாள். ஒரு நிமிடம் அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் கோப்பி எந்தக் குரலுக்கு எங்கிருந்தாலும் பாய்ந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். அது தன் குரல் இல்லை என்பதும் தெரியும்.

போனை எடுத்தார். அவள் எண் இருந்தது. இரண்டு வருடமாக அதைத் தொட்டதில்லை. அழுத்தினார்.

ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை.

"அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

குரலில் அத்தனை பதற்றம். அப்பா தன்னை நேராகக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா சாக வேண்டும் என்றுதான் இந்தப் பிள்ளை நினைத்து வைத்திருக்கிறது.

"அம்மாவுக்கு ஒன்னும் இல்ல. சோளம் சாப்பிடறா." மூச்சை இழுத்தார். "கோப்பி... ஏரிக்கிட்ட காணோம். காட்டுக்குள்ள ஓடிருச்சு."

"கயித்த அவுத்தீங்களா?"

"அவுத்துட்டேன்மா. என் தப்புதான்."

அந்தப் பக்கம் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. சத்தத்த முழுசா வைங்க. மேல தூக்கிப் பிடிங்க."

தூக்கிப் பிடித்தார்.

"கோப்பீ! கோப்பி, வாடா! அம்மா கூப்பிடறேன் பாரு!"

ஓடும் ரயிலில், அத்தனை பேருக்கு நடுவில் நின்று அவள் கத்தினாள். அவர் கை வலித்தது. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பனிமூட்டத்துக்குள் மகளின் குரல் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அது உடைந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

மூங்கில் அசைந்தது.

முதலில் மூக்கு. பிறகு சேறு பூசிய முகம். ஒரு காதில் அட்டைப்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. கோப்பி அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் போனை நோக்கி எகிறியது. சவரிநாதன் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொக்கியை மாட்டுவதற்குள் மூன்று தடவை தவறவிட்டார்.

"வந்துருச்சா? அப்பா, வந்துருச்சா?"

உயிர் திரும்பி வந்ததும் வெட்கமும் கூடவே வந்துவிட்டது. பழைய பழக்கம் கைகொடுத்தது. நாயின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தார்.

"டேய் கோப்பி, உங்கம்மாகிட்ட சொல்லு, ஒரு கீறல் இல்லாம வந்துட்டேன்னு. தாத்தா சட்டையக் கழட்டி உனக்காக விரிச்சுட்டு வெறும் பனியனோட உக்காந்திருந்தாருன்னும் சொல்லு."

கோப்பி போனை நக்கியது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பா, மொதல்ல சட்டைய போடுங்க. பம்ப் அடிச்சீங்களா?"

இந்தத் தடவை கேள்வியில் நாயின் பெயரைக் காணோம். சவரிநாதன் போனைக் காதுக்குக் கொண்டுவந்தார்.

"காடியில இருக்கும்மா."

"ஐயோ. வேகமா நடக்காதீங்க. மெல்ல வாங்க. போன வைக்காதீங்க. காடி வரைக்கும் நானும் கூட வாரேன்."